தோட்டத்தில் இருக்கட்டுமா, டவுனில் அறை எடுக்கவா: மலையகத்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கிடைக்கும் பராமரிப்பு

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொழும்பில் வேலை. மனைவி பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், உங்கள் அம்மாவோடு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறார். மலைக்குப் போய்க் கொழுந்தும் எடுக்கிறார். முதல் பிள்ளை, இப்போது இரண்டு மாதம். ஹட்டனில் ஓர் அறை எடுத்துக் குடிவைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். உங்கள் அண்ணனோ, "இப்ப எல்லாரும் கிளினிக் போறாங்க, எல்லாரும் ஆஸ்பத்திரியிலதான் பிள்ளை பெறுறாங்க, எல்லாம் இலவசம், பிறகென்ன டவுன், தோட்டம்?" என்கிறார். உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா, இருந்தால் எங்கே என்று கேட்கிறீர்கள்.

வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அண்ணன் பார்க்கும் இடத்தில் அது இல்லை. கிளினிக் இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பார்த்தால் டவுனும் தோட்டமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். அந்தக் கிளினிக்குக்கு எத்தனையாவது வாரத்தில் போனாள், அன்றைய சம்பளம் என்ன ஆனது, அங்கே சொன்னது அவளுக்கு விளங்கியதா, ராத்திரி வலி வந்தால் லயத்திலிருந்து ரோட்டுக்கு எப்படி இறங்கினாள் என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் தோட்டத்துப் பெண் பின்தங்குகிறாள். நான் குடும்பநல மாதாக (வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் அரசாங்க மருத்துவிச்சியாக) தோட்டப் பிரிவுகளிலும் டவுனிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அண்ணன் சொல்வதில் சரியானதை முதலில் ஒப்புக்கொள்வோம். 2016இல் எடுத்த தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. தோட்டப்புறமும் அதற்கு மிக அருகில் வந்துவிட்டது. லயத்துக் காம்பராவில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், மருத்துவிச்சி கையில் பிள்ளை பிறந்த காலம் நம் பாட்டிமாரோடு போய்விட்டது. தெற்காசியாவில் இலங்கையின் தாய் மரண வீதம் மிகக் குறைந்தவற்றில் ஒன்று: ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 30ஐ ஒட்டிய எண்ணிக்கை. இது சின்ன விஷயம் இல்லை. இதற்காக உழைத்தவர்களை நான் அறிவேன்.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். பிறப்பு நிறை குறைந்த பிள்ளைகளும் தோட்டப்புறத்தில்தான் அதிகம். எல்லாத் தாயும் கிளினிக் போய், எல்லாத் தாயும் ஆஸ்பத்திரியில் பெற்றெடுத்தும், பிள்ளை சின்னதாகவே பிறக்கிறது என்றால், வருகைப் பதிவேட்டில் தெரியாத ஏதோ ஒன்று இடையில் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் டவுன், தோட்டம் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கிறீர்கள். நாட்டின் புள்ளிவிபரம் மூன்றாகப் பிரிக்கிறது: நகரம், கிராமம், தோட்டம். 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துத் தொழிலாளராவது குடியிருக்கும் பயிர்நிலம் தோட்டம். 2012 குடிசன மதிப்பீட்டில் தோட்டப்புற மக்கள் 4.4 சதவீதம்தான். மலையகத்தில் பெரிய இடைவெளி நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவில் இல்லை, கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. வலப்பனையிலோ வெலிமடையிலோ போய்ப் பாருங்கள். கீழே கிராமம், மேலே தோட்டம். டவுனுக்கு உள்ள தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் கிராமத்துப் பெண்ணுக்குத் தெரிந்த குடும்பநல மாது பெரும்பாலும் அதே ஊரில் இருப்பார், அதே மொழி பேசுவார், வீட்டு வாசல் வரை கொங்கிரீட் பாதை வந்திருக்கும், கிளினிக் நாளன்று தன் மரக்கறிப் பாத்தி வேலையை நாளைக்குத் தள்ளிவைக்கலாம். மேலே இருப்பவளுக்கு இந்த நான்கும் பெரும்பாலும் இல்லை.

ஏன் இப்படி என்பதற்குப் பழைய கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில், 1872இலேயே, தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். அன்று முதல் தோட்டத்து வைத்தியம் தோட்டத்தின் பொறுப்பு என்றாகிவிட்டது: தோட்டத்து டிஸ்பென்சரி, தோட்டம் சம்பளம் கொடுக்கும் மருந்துக்காரர், தோட்டத்து மருத்துவிச்சி. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைதான் இன்றைய எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) முறைக்கு அடிப்படை. வீடு வீடாகக் குடும்பநல மாது போகும் அந்த அருமையான ஏற்பாடு ஊரெல்லாம் பரவியது. தோட்ட எல்லைக்குள் மட்டும் மிகத் தாமதமாகத்தான் வந்தது. 1948இல் மலையகத் தமிழரான நம் ஆட்களின் குடியுரிமையே போய்விட்டது. வாக்கில்லாத இடத்தைத் தேடி அரசாங்க சேவை ஏறி வரவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. 90களின் நடுவிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த வேலை இன்னும் முடிந்தபாடில்லை. அதனால் சில தோட்டங்களில் அரசாங்க மாது, சில தோட்டங்களில் தோட்டத்து ஆள், சில இடங்களில் இரண்டு பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கும் நிலை.

ரோட்டுக்கும் இதே கதைதான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகப் பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவழிக்க முடியாமல் இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். கர்ப்பிணியைப் பற்றிக் கேட்டால் இவள் ரோட்டுச் சட்டம் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். பனிக்குடம் உடைந்த பெண்ணைக் கதிரையில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறங்கிய பாதைகளில் நான் கூடவே நடந்திருக்கிறேன்.

இப்போது கிளினிக் நாளுக்கு வருவோம். என் அனுபவத்தில் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

ஒரு கர்ப்பிணி 28 வாரம் வரை மாதம் ஒருமுறை, பிறகு 36 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் வாரா வாரம் வரவேண்டும். இடையில் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வி.ஓ.ஜி. (மகப்பேற்று விசேட வைத்திய நிபுணர்) பார்க்கும் பெரிய கிளினிக் என்று தனித்தனி நாட்கள். குறைத்துக் கணக்குப் போட்டாலும் பத்துக்கு மேல். டவுனில் கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) பள்ளிக்கூடத்திலோ வேலை செய்யும் பெண் லீவு போட்டு வருவாள், சம்பளம் வெட்டப்படாது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு மலைக்குப் போனால்தான் பேர் விழும், அதாவது அன்றைய நாட்சம்பளம் பதிவாகும். கிளினிக் ஒன்பது மணிக்கென்றால் ஏழு மணிக்கே லயத்தை விட்டு இறங்க வேண்டும். முடிந்து திரும்பும்போது மத்தியானம். அரைப் பேர்கூட இல்லை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய், பிறகு அது கூடியிருக்கிறது. அந்தப் பழைய கணக்கிலேயே பத்து நாள் என்றால் 13,500. ஆட்டோக் காசு தனி. இலவச வைத்தியம் என்கிறோம். இந்தப் பெண்ணுக்கு அதன் விலை இதுதான். சில தோட்டங்களில் ஐயாமார் மனசு வைத்து, தோட்டத்துக்குள்ளேயே கிளினிக் நடக்கும் நாளில் பேர் போட்டுக் கொடுப்பதுண்டு. அப்படிக் கொடுக்கும் தோட்டத்தில் கிளினிக் வரவு எவ்வளவு கூடும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அது சட்டப்படி எல்லா இடத்திலும் வரவேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

இதனால் முதலில் அடிபடுவது பதிவு. எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்று நாங்கள் படித்துப் படித்துச் சொல்வோம். தோட்டத்தில் பலர் மூன்று, நான்கு மாதத்தில்தான் வருவார்கள். வெளியே தெரிந்தால் கண் படும் என்ற எண்ணம் ஒரு பக்கம், சும்மா நாள் தள்ளியிருக்கும் என்று விடுவது மறுபக்கம், ஒரு நாள் பேரை இழக்க மனம் வராதது எல்லாவற்றுக்கும் மேல். போலிக் அமிலம் முக்கியமாக வேலை செய்வது பிள்ளையின் முதுகுத்தண்டு உருவாகும் முதல் வாரங்களில். நான்காம் மாதம் வந்து வாங்கும் போலிக் அமிலம் அந்தக் காரியத்துக்கு உதவாது. பிரஷர், சீனி, இருதய வருத்தம் முன்பே இருந்ததா, கர்ப்பத்தில் வந்ததா என்று பிரித்தறிவதும் முதல் மாதங்களின் அளவுகளை வைத்துத்தான். கர்ப்பக் காலத்தைச் சரியாகச் சொல்லும் ஸ்கேனும் முதல் மூன்று மாதத்தில் எடுப்பதே. டவுன் பெண் ஏழாம் எட்டாம் வாரத்திலேயே காசு கட்டி ஒரு டாக்டரைச் சேனல் பண்ணி ஸ்கேன் பார்த்துவிடுகிறாள். தோட்டத்துப் பெண்ணின் அட்டையில் திகதி ஒரு குத்துமதிப்பு. கடைசியில் 41 வாரமா, 39 வாரமா என்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருகைக் கணக்கில் இரண்டு பேரும் "கர்ப்பகாலப் பராமரிப்பு பெற்றவர்" என்றே பதிவாகிறார்கள்.

அடுத்தது இரத்தம். "ரத்தம் இல்லைன்னு சொன்னாங்க" என்பது தோட்டத்தில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. காலையில் ரொட்டியும் சம்பலும், மத்தியானம் சோறும் ஒரு கறியும், நடுநடுவே சாயத்தண்ணி. தேயிலையில் இருக்கும் டனின் உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுப்பதைத் தடுக்கிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போனது. குளிருக்கு வேறு என்ன குடிப்பது என்று கேட்பார்கள், நியாயம்தான். குடிக்கவே வேண்டாம் என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள் என்றுதான் சொல்வேன். இரும்பு மாத்திரையையும் கல்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடக் கூடாது, நேரம் பிரித்துப் போட வேண்டும். இதைச் சிங்களத்தில் அவசரமாகச் சொல்லி மூன்று நிறத்தில் மாத்திரைப் பை கொடுத்தால், வீட்டுக்கு வந்து மூன்றையும் ஒரே வாயில் போடுகிறவர்கள்தான் அதிகம்.

இரத்தத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்பது கடல் மட்டத்துக்கான அளவு. உயரமான இடத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவு என்பதால் உடம்பு தானாகவே ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். அதனால் 500 மீற்றருக்கு மேலே வாழ்பவர்களுக்கு அளவைத் திருத்திப் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர். அக்கரப்பத்தனை, டயகம, இராகலைப் பக்கமெல்லாம் உயரம்தான். அங்கே ஒரு பெண்ணுக்கு 11.2 என்று வந்தால் கொழும்புக் கணக்கில் பரவாயில்லை, மலைக் கணக்கில் அவளுக்கு இரத்தம் குறைவு. உங்கள் மனைவியின் ரிப்போர்ட் எல்லைக்கோட்டில் இருந்தால் இதை டாக்டரிடம் கேளுங்கள்.

இதோடு விறகு அடுப்புப் புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, முதுகோடு முதுகாகக் கட்டியது, காற்று போக வழியில்லை. அந்தப் புகை பிறப்பு நிறையைக் குறைக்கும் என்பது ஆராய்ந்து கண்ட விஷயம். புகையிலை போட்டு வெற்றிலை மெல்லும் பழக்கமும் அப்படித்தான். "வாய்க்குமட்டலுக்கு ஒரு வாய் வெத்தலை" என்று மாமியாரே மடித்துக் கொடுப்பார். உங்கள் அம்மாவிடம் மெதுவாகப் பேசுங்கள், கோபிக்காமல்.

திரிபோஷ 1973இலிருந்து இலவசமாகக் கொடுக்கும் சத்துமா. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரியது. 2021, 2022 நெருக்கடியில் அது மாதக்கணக்காக வராமல் இருந்தது, இப்போது கிடைக்கிறது. லயத்தில் அந்தப் பைக்கற்றை உடைத்தால் வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கை போகும். எந்தத் தாயும் பிள்ளையைப் பார்க்க வைத்துக்கொண்டு தனியாகத் தின்ன மாட்டாள். அதனால் பைக்கற் கொடுத்த கணக்கும் அவள் வயிற்றுக்குள் போன கணக்கும் வேறு வேறு.

மொழியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. ஆனால் குடும்பநல மாதாகத் தமிழ்ப் பிள்ளைகள் வருவது போதவே இல்லை. உயர்தரம் வரை படித்து, பயிற்சிக்குத் தேர்வாகி வரும் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் இன்னும் குறைவு. சிங்களச் சகோதரிகள் பலர் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசி உயிரைக் கொடுத்து வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் "தலைவலி இருக்கா?" என்பதற்குத் தலையாட்டுவது ஒன்று, "ரெண்டு நாளா கண்ணு மங்குது, நெஞ்சுக்குக் கீழ எரியுது" என்று தானாகச் சொல்வது வேறு. பின்னது பிரஷர் ஏறி வலிப்பு வரப்போகிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். வெட்கப்பட்டோ, மொழி வராமலோ அவள் அதைச் சொல்லாமல் எழுந்து போனால், அட்டையில் "முறைப்பாடு இல்லை" என்றுதான் எழுதப்படும். பிரசவ வார்டில் குடும்பக் கட்டுப்பாடு ஒபரேசனுக்குக் கையெழுத்து வாங்குவதும் இதில் அடங்கும். நிரந்தரக் கருத்தடை தோட்டப்புறத்தில்தான் மிக அதிகம். முழுதாக விளங்கிச் செய்தவர்கள் நிறையப் பேர், நன்மையும் அடைந்தார்கள். விளங்காமல் விரல் வைத்தவர்களும் உண்டு என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம். தமிழில் எழுதிய படிவம் கேட்பது அவளுடைய உரிமை.

இனி ராத்திரி. மலையகத்தில் சின்ன ஆஸ்பத்திரிகள் நிறைய இருக்கின்றன: மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை, அக்கரப்பத்தனை. ஆனால் சிசேரியன் செய்ய வி.ஓ.ஜி.யும் மயக்கமருந்து டாக்டரும் இரத்த வங்கியும் வேண்டும். அதற்கு ஆதார வைத்தியசாலைக்கோ அதற்கு மேலேயோ போக வேண்டும்: டிக்கோயா கிளங்கன், நாவலப்பிட்டி, நுவரெலியா, தியத்தலாவை, பதுளை, பேராதனை, கண்டி. கிளங்கனில் இந்திய உதவியில் கட்டிய 150 படுக்கைக் கட்டடம் 2017 மே 12இல் திறக்கப்பட்டது. அந்த வட்டாரத்துக்கு அது பெரிய ஆறுதல். இருந்தாலும் பிரசவத்துக்குப் பின் இரத்தம் போகத் தொடங்கினால் எண்ணுவது நிமிடங்களை. டவுனில் இருப்பவளுக்கு ஆட்டோ பத்து நிமிடம். சாமிமலைக்கு மேலே இருப்பவளுக்கு லயத்திலிருந்து ரோட்டுக்கே அதைவிடக் கூட ஆகும், அதுவும் மழையில்லாத இரவில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண்சரிந்து நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பாதைகள் அறுந்து கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட பெரிய அழிவு வேண்டாம். ஒரு அடைமழைக்கே தோட்டத்து ரோட்டில் வாகனம் ஏற மறுக்கும்.

முன்பெல்லாம் கொழுந்து லொறிதான் அம்புலன்ஸ். இப்போது 1990 சுவசெரிய இருக்கிறது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுக்க வந்தது. காசு வேண்டாம், தமிழிலும் பேசலாம். தோட்டத்தில் அதற்கு உள்ள சிக்கல் விலாசம். லயத்துக்குத் தனி இலக்கம் இல்லை. நாம் தோட்டத்துக்குத் தமிழில் ஒரு பேர் வைத்திருப்போம், பதிவில் ஆங்கிலத்தில் வேறு பேர் இருக்கும். பதற்றத்தில் நம் பேரை மட்டும் சொன்னால் அம்புலன்ஸ்காரருக்கு அது எந்த ஊர் என்றே விளங்காது. தோட்டத்தின் இரண்டு பேரும், எந்தப் பிரிவு, அம்புலன்ஸ் ஏறக்கூடிய கடைசி இடம் எது (கோயிலோ, பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவோ, பேக்டரியோ) என்று ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். யார் எடுத்தாலும் பார்த்து வாசிக்கலாம்.

டவுனில் இருந்தாலே எல்லாம் சரி என்றும் நினைத்துவிடாதீர்கள். கண்டி மஹியாவையில் மாநகர சபைத் தொழிலாளர் குடியிருப்புகளில் நகரத்தின் நடுவிலேயே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, தோட்டத்து லயத்தைவிட நெருக்கமாக வாழ்கிறார்கள். காசுள்ளவர் சேனல் பண்ணுவார், ஸ்கேன் எடுப்பார். காசில்லாதவருக்கு டவுனிலும் அதே வரிசைதான். அதோடு டவுனில் வாடகைக்கு வந்தவரைப் பகுதி மாதுக்குத் தெரியாது. தோட்டத்தில் ஒரு பெண் வாந்தி எடுத்தால் மறுநாள் லயம் முழுக்கத் தெரியும், எங்கள் காதுக்கும் வந்துவிடும். வாடகை அறையில் ஆறு மாதம் ஒருவர் இருந்தாலும் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

ஆகவே என் அபிப்பிராயம்: ஒன்பது மாதமும் ஹட்டனில் தனி அறை வேண்டாம். உங்கள் அம்மாவும் இல்லாமல், நீங்களும் கொழும்பில் இருக்க, தெரியாத இடத்தில் முதல் பிள்ளையோடு அந்தப் பெண் தனியாக இருப்பதில் ஒரு பாதுகாப்பும் இல்லை. அந்த வாடகைக் காசை வேறு விதமாகச் செலவழியுங்கள்.

இந்த வாரமே குடும்பநல மாதிடம் பதியுங்கள். கர்ப்பவதி அட்டை கையில் வரட்டும். முதல் மூன்று மாதம் முடிவதற்குள் ஒரு ஸ்கேன். கிளினிக்கில் கிடைத்தால் நல்லது, தாமதமாகும் என்றால் ஹட்டனில் ஒருமுறை சேனல் பண்ணிக்கொள்ளுங்கள். முழுக் கர்ப்பத்திலும் காசு கொடுத்துச் செய்வதில் எனக்கு உண்மையாகப் பிரயோசனமாகத் தெரிவது இது ஒன்றுதான். கிளினிக் நாட்களில் அவர் இழக்கும் பேருக்கு நீங்கள் கொழும்பிலிருந்து அந்த நாட்சம்பளத்தை அனுப்பிவிடுங்கள். "கிளினிக் போனா காசு போகும்" என்ற கணக்கு அவர் மனதில் வராமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அவர் தோட்டத்தில் பதிவுப் பேரோடு வேலை செய்கிறாரா, பேரில்லாமல் எடுத்த கொழுந்துக்கு மட்டும் காசு வாங்கும் கைக்காசுக்கா என்று கேளுங்கள். இது மிக முக்கியம். மகப்பேற்று நன்மைகள் சட்டம் 1939இலிருந்து இருக்கிறது. பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம், பின் பத்து வாரம், மொத்தம் 84 நாள், சம்பளத்தின் ஏழில் ஆறு பங்கு. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84 நாள். கர்ப்பத்தைக் காட்டி வேலையிலிருந்து நிறுத்தவும் முடியாது. ஆனால் அந்தப் பணம் கிடைக்க முந்தைய ஒரு வருடத்தில் 150 நாளாவது அந்த வேலைகொள்வோரிடம் வேலை செய்திருக்க வேண்டும். கைக்காசுக்குக் கொழுந்தெடுத்த நாள் அந்தக் கணக்கில் வராமல் போய்விடும். அதனால் பெண்கள் 150ஐ நிரப்ப எட்டாம் மாதத்திலும் மேடு ஏறுகிறார்கள். இப்போதே கணக்கப்பிள்ளையிடம் நாட்களைக் கேட்டு எழுதிவைத்தால் கடைசி மாதங்களில் அந்த ஓட்டம் வேண்டியிருக்காது. அறிவித்தலை எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு அரசாங்கத்தின் போஷாக்குக் கொடுப்பனவும் உண்டு. 2015இல் மாதம் 2,000 ரூபாய் வவுச்சராகப் பத்து மாதத்துக்குத் தொடங்கியது, பிறகு தொகை கூடியிருக்கிறது. பதிவு தாமதித்தால் அதிலும் மாதங்கள் போகும்.

வயிறு தெரிந்த பிறகு செங்குத்து மலையும் நிறைந்த கூடையும் வேண்டாம். இலேசான வேலை தரச் சொல்லி மாதிடம் ஒரு துண்டு வாங்கிக் கொடுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். மருந்தடிக்கும் பக்கம் போகவே கூடாது. 28 வாரத்துக்குப் பிறகு பிள்ளையின் அசைவைக் காலையிலிருந்து எண்ணி, பத்து வந்த நேரத்தை எழுதச் சொல்வார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டே அதை எண்ண முடியாது, கை ஓடும்போது உடம்புக்குள் அசைவது தெரியாது. மத்தியானம் சாப்பிட்டதும் இடது பக்கம் சாய்ந்து படுத்து எண்ணட்டும். குறைந்ததாகப் பட்டால் மறுநாள் கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். அதேபோல விடாத தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், இரத்தம் படுதல், தண்ணீர் உடைதல், காய்ச்சல், மூச்சுத் திணறல், இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 1990ஐக் கூப்பிடுங்கள்.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவார்கள் அல்லவா? அது வேறு தோட்டமாக இருந்தால் வேறு மாது, வேறு கிளினிக், வேறு ஆஸ்பத்திரி. பலர் அந்த மாற்றத்தில்தான் கைநழுவிப் போகிறார்கள். போவதற்கு முன் இங்குள்ள மாதிடம் சொல்லி, அட்டையையும் எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, போன வாரத்திலேயே அங்குள்ளவரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஹட்டன் யோசனைக்கு ஏற்ற காலம் கடைசி இரண்டு, மூன்று வாரம்தான். அப்போது டவுனில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே, அம்மாவோ மாமியாரோ கூட இருக்க. இல்லாவிட்டால் 36 வாரக் கிளினிக்கிலேயே, "எங்கள் லயத்துக்கு ராத்திரி வாகனம் வராது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லி, முன்கூட்டியே வார்டில் அனுமதிக்கக் கேளுங்கள். அட்டையில் அதை எழுதவும் சொல்லுங்கள். தூரத்துத் தோட்டத்துப் பெண்களை அப்படி எடுப்பதுண்டு, ஆனால் கேட்காவிட்டால் யாருக்கும் தெரியாது. முதல் பிரசவம் என்பதால் சின்ன ஆஸ்பத்திரியில் இறங்காமல் நேரே கிளங்கனுக்கோ அவர்கள் எழுதித் தரும் இடத்துக்கோ போகட்டும்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் பத்து நாளில் குடும்பநல மாது இரண்டு தடவையாவது வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் இந்த வருகைதான் அதிகம் விடுபடுகிறது, ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் மேலே ஏறி வருவதற்குள் நாள் ஓடிவிடும். வார்டிலிருந்து வெளியேறும் அன்றே நீங்கள் கொழும்பிலிருந்து மாதுக்கு ஒரு கோல் எடுத்து, எந்த லயத்துக்கு, யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். அவருடைய இலக்கம் அட்டையின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும். இல்லையென்றால் முதல் கிளினிக்கிலேயே கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.